அந்த அறையில் யார் எந்த நாற்காலியில்? அணுகல்தன்மை ஆய்வுக்குள் நுழைய மாணவருக்கு உள்ள வழிகள்

கல்லூரி இறுதியாண்டில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு செயலி செய்தோம். கைபேசிக் கேமராவை நீட்டினால், எதிரே இருப்பது நாற்காலியா, மேசையா, கதவா என்று குரலில் சொல்லும். பார்வையற்றவர்களுக்கானது. எட்டு மாத வேலை. சமர்ப்பிக்க ஒரு வாரம் இருக்கும்போதுதான் அறிக்கையில் ‘பயனர் சோதனை’ என்றொரு பகுதி வேண்டுமே என்று நினைவு வந்தது. தெரிந்தவர் மூலம் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் செயலியைத் திறந்தார். திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் திரைவாசிப்பான் பேசியது: “பொத்தான். பொத்தான். பொத்தான்.” மூன்று பொத்தான்கள், மூன்றுக்கும் நாங்கள் பெயர் வைக்கவில்லை. படங்களாகப் போட்டிருந்தோம். எங்கள் கண்ணுக்கு அவை அழகாகத்தான் இருந்தன.

அவர் சிரித்துக்கொண்டே, “தம்பி, இதில் எதை அழுத்தினால் நாற்காலி தெரியும்?” என்று கேட்டார். பிறகு சொன்னார்: “நாற்காலி இருக்கும் இடத்தை என் கைத்தடியே சொல்லிவிடும். மருந்து அட்டையில் காலாவதித் தேதி எந்தப் பக்கம் அச்சாகியிருக்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது.”

எங்களுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. செயலியை யாரும் பயன்படுத்தவில்லை.

இப்போது அணுகல்தன்மை ஆய்வுக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளும் தடையின்றிப் பயன்படுத்தும்படி தொழில்நுட்பத்தை அமைப்பது பற்றிய ஆய்வுக்கு, என்னிடம் ஆலோசனை கேட்டு வரும் மாணவர்கள் பெரும்பாலும் ஓர் அட்டவணையோடு வருகிறார்கள். கோடைக்கால ஆய்வுத் திட்டம், சொந்தக் கல்லூரிப் பேராசிரியரின் ஆய்வகம், திறந்த மூல மென்பொருள், நிறுவனப் பயிற்சி என்று வரிசைகள். உதவித்தொகை, இடத்தின் பெயர், எத்தனை மாதம் என்று கட்டங்கள். நான் இன்னொரு கட்டம் போடச் சொல்வேன். அங்கே மாற்றுத்திறனாளிகள் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்? எங்களிடம் வந்தவரைப் போலக் கடைசி வாரத்து விருந்தாளியாகவா, பக்கத்து மேசையில் சக ஆய்வாளராகவா, அல்லது ‘இந்த வேலை வேண்டாம்’ என்று சொல்லக்கூடிய இடத்திலா? மற்ற கட்டங்கள் எல்லாம் இதற்கு அடுத்தபடிதான் என்பது என் கட்சி.

இடத்தின் பெயரை நம்பி இறங்குவதில் உள்ள ஆபத்துக்கு ஒரே வளாகத்திலிருந்து இரண்டு கதைகள் சொல்லலாம். 2016-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக இளநிலை மாணவர்கள் இருவர் ‘சைன்அலவுட்’ என்ற கையுறையைச் செய்து, லெமல்சன்-எம்ஐடி மாணவர் பரிசாக 10,000 டாலர் வென்றார்கள். கையுறையை மாட்டிக்கொண்டு சைகை செய்தால் அது ஆங்கிலப் பேச்சாக மாறும் என்பது யோசனை. ஊடகங்கள் கொண்டாடின; காதுகேளாதோர் கொண்டாடவில்லை. அமெரிக்கச் சைகை மொழியில் புருவம் உயர்ந்தால் வாக்கியம் கேள்வியாகிவிடும், தலையசைப்பில் எதிர்மறை வந்துவிடும். கையுறைக்குப் புருவம் தெரியாது. போதாக்குறைக்கு, எதிரே நிற்பவர் பேசுவது இவருக்கு எப்படிப் புரியும் என்ற கேள்விக்கு அதில் பதிலே இல்லை. கருவியைச் சுமக்கும் வேலை மட்டும் காதுகேளாதவருடையது. அதே பல்கலைக்கழகத்தின் சைகை மொழி ஆசிரியர்களே இதைக் கண்டித்துப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள்.

அதே வளாகத்தில் எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2008-இல், ஷான் கேன் என்ற முனைவர் பட்ட மாணவர் ‘ஸ்லைடு ரூல்’ என்றொரு முறையை வெளியிட்டார். தொடுதிரையைப் பார்க்காமலே, விரலை நகர்த்த நகர்த்தக் குரல் கேட்டு இயக்கும் முறை அது. தொடுதிரைக் கைபேசி என்றாலே பார்வையற்றவர்களுக்குக் கதவடைப்பு என்று பலரும் நினைத்துக்கொண்டிருந்த காலம். அவர் முதலில் செய்த வேலை பார்வையற்றவர்களிடம் போய், அவர்கள் அப்போது கைபேசியை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டது. அடுத்த ஆண்டு ஐபோன் 3ஜிஎஸ் ‘வாய்ஸ்ஓவர்’ என்ற திரைவாசிப்பானுடன் வந்தபோது, பார்க்காமல் தொடுவது சாத்தியம் என்பது உலகத்துக்கே தெரிந்தது. இரண்டு வேலைகளும் ஒரே பல்கலைக்கழக முத்திரையோடு வந்தவைதான்.

பத்து வாரம் என்றால் எத்தனை வாரம்?

மாணவர்கள் அதிகம் ஆசைப்படுவது கோடைத் திட்டங்களுக்கு. அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஆர்இயு திட்டம் இதில் முன்னோடி: இளநிலை மாணவர்களை எட்டிலிருந்து பத்து வாரம் ஓர் ஆய்வகத்தில் வைத்து, உதவித்தொகையும் கொடுத்து, ஆய்வு என்றால் என்ன என்று காட்டுவது. வாஷிங்டன் நகரில் உள்ள காதுகேளாதோர் பல்கலைக்கழகமான கலோடெட், அணுகத்தக்க தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்துக்கென்றே இத்தகைய திட்டத்தை நடத்தியிருக்கிறது. நாற்காலிக் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரிந்து இல்லை: 1864-இல் தொடங்கிய அந்த வளாகத்தில் சைகை மொழிதான் நடைமுறை மொழி, அங்கே போகும் கேட்கும் திறனுள்ள மாணவர்தான் மொழி தெரியாமல் விழிப்பார். ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்திலும் காதுகேளாதோருக்கான தேசியத் தொழில்நுட்ப நிறுவனம் வளாகத்துக்குள்ளேயே இருப்பதால் ஆய்வகங்களின் சூழல் ஏறக்குறைய இப்படித்தான்.

ஆனால் ஆர்இயு நிதி அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாக வசிக்க உரிமை பெற்றவர்களுக்கும்தான். ஆண்டுதோறும் இந்த ஒரு வரியைப் படிக்காமல் விண்ணப்பம் தயாரித்து ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். பிற நாட்டு மாணவர்களுக்குக் கனடாவின் மைட்டாக்ஸ் குளோபலிங்க் திட்டம் உண்டு. பன்னிரண்டு வாரம், அதுவும் பட்டியலில் உள்ள நாடுகளுக்கு மட்டும். அங்கே அணுகல்தன்மைக்கு எனத் தனிப் பிரிவை எதிர்பார்க்க வேண்டாம். நூற்றுக்கணக்கான திட்டங்களுக்கு நடுவே மனித-கணினி ஊடாட்டம், பேச்சுத் தொழில்நுட்பம், மறுவாழ்வுப் பொறியியல் என்று வேறு வேறு பெயர்களில் ஒளிந்திருப்பதைத் தேடி எடுக்க வேண்டும்.

கோடைத் திட்டத்தில் நான் பயப்படுவது காலக்கணக்குக்கு. முதல் வாரம் அறிமுகம், கணக்கு, கடவுச்சொல். இரண்டாம் வாரம் கட்டுரை வாசிப்பு. கடைசி வாரம் சுவரொட்டி அச்சிடுவதும் அதன் முன்னால் நின்று பேசுவதும். நடுவில் இருப்பது ஏழு வாரம். மனிதர்களை வைத்து ஆய்வு செய்ய நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அது சில வாரமும் ஆகும், சில மாதமும் ஆகும். அனுமதி வந்தபின் பங்கேற்பாளர்களைத் தேட வேண்டும். பேச்சுக் குறைபாடு உள்ள பத்துப் பேரை, அவர்களுக்கு வசதியான நேரத்தில், போக்குவரத்து ஏற்பாட்டோடு அழைத்து வருவது, நிரலெழுதுவதைப் போல இரவு விழித்து முடிக்கிற காரியமில்லை. நெறியாளர் இதையெல்லாம் முன்கூட்டியே முடித்து வைத்திருந்தால் பத்து வாரம் தாராளம். இல்லாவிட்டால் மாணவர் முன்மாதிரி ஒன்றைச் செய்துவிட்டு, வகுப்புத் தோழர்களுக்குக் கண்ணைக் கட்டிச் சோதித்துவிட்டு ஊர் திரும்புவார்.

கண்ணைக் கட்டிக்கொள்வது பற்றி இடையில் ஒரு வார்த்தை. இன்று காலை கண்ணைக் கட்டிக்கொண்ட ஒருவர், இருபது ஆண்டுகளாகப் பார்க்காமல் வாழ்ந்து பழகியவருக்கு மாற்றாக மாட்டார். அவர் சுவரில் முட்டிக்கொள்வார். இவர் திரைவாசிப்பானை நம் காதுக்கு இரைச்சலாகக் கேட்கிற வேகத்தில் ஓடவிட்டுக்கொண்டே தேநீர் குடிப்பார். ‘பத்து மாணவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு பங்கேற்றனர்’ என்ற வரி கட்டுரையில் வந்தால், விவரம் தெரிந்த மதிப்பீட்டாளர் அதற்குமேல் படிக்கும்போது முகம் சுளித்துக்கொண்டுதான் படிப்பார்.

கோடைத் திட்டத்தின் பக்கம் ஒரு நியாயமும் உண்டு. முனைவர் பட்டத்துக்கு வெளிநாட்டில் விண்ணப்பிக்கப் போகிறவருக்கு, துறையில் பெயருள்ள ஒருவரின் பரிந்துரைக் கடிதம் பெரிய விஷயம். பத்து வாரத்தில் ஒழுங்காக வேலை செய்தால் அது கிடைக்கும். ஆய்வு சுமாராக முடிந்தாலும் கடிதம் நன்றாக வரக்கூடும். இதை மறைத்துப் பேசுவது யோக்கியமில்லை.

சொந்த நெறியாளரிடம் ஓராண்டு

கவர்ச்சி குறைவு, உதவித்தொகை பெரும்பாலும் இல்லை, பெயரைச் சொன்னால் உறவினர்களுக்குத் தெரியாது. ஆனாலும் வாய்ப்பிருந்தால் இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். காரணம் மறுபடியும் காலம். ஒரு பேச்சுக்குறைபாட்டு மையத்தோடோ காதுகேளாதோர் சங்கத்தோடோ பழக்கம் ஏற்பட, முதல் மூன்று மாதம் போய்வந்தாலே போதும். கோடைத் திட்டத்தில் அந்த மூன்று மாதமே மொத்தக் கணக்கு.

அணுகல்தன்மை ஆய்வு மையமான டிரேஸ் மையத்தின் தொடக்கம் இதற்கு நல்ல சாட்சி. 1971-இல் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த கிரெக் வாண்டர்ஹைடன், மூளை முடக்குவாதத்தால் பேச முடியாத ஒரு சிறுவனுக்காக ‘ஆட்டோ-காம்’ என்ற தொடர்புக் கருவியில் வேலை செய்யத் தொடங்கினார். ஒரு சிறுவன், ஒரு பலகை. அதிலிருந்து வளர்ந்த மையம் இன்று மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே இருக்காமல் ஒவ்வொன்றாக அழுத்த உதவும் ‘ஸ்டிக்கி கீஸ்’ வசதி அந்த மையத்தின் வேலையிலிருந்துதான் கணினிகளுக்குள் போனது. ஷிப்டைத் தெரியாமல் ஐந்து முறை தட்டிவிட்டு, எட்டிப்பார்க்கும் பெட்டியை எரிச்சலோடு மூடியவர்கள் நம்மில் பலர். அதன் பின்னால் இப்படியொரு கதை.

உங்கள் கல்லூரியில் அணுகல்தன்மை ஆய்வாளர் என்று யாரும் இல்லாமல் இருக்கலாம். பெரும்பாலான இடங்களில் இருக்க மாட்டார். அதனால் வழி அடைபடாது. படிமச் செயலாக்கமோ பேச்சறிதலோ மென்பொருள் பொறியியலோ தெரிந்த ஒருவர் ஆய்வுமுறையைப் பார்த்துக்கொள்வார். மாற்றுத்திறனாளி ஒருவரைத் துணை வழிகாட்டியாக, மதிப்பூதியம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். நன்றியுரையில் பெயர் போடுவதோடு நிறுத்தாமல், பங்களிப்பு இருந்தால் கட்டுரையாசிரியர் வரிசையிலேயே போட வேண்டும்.

என்ன தலைப்பு என்பதையும் இந்த வழியில்தான் நிதானமாக முடிவு செய்ய முடியும். 2021-இல் மனித-கணினி ஊடாட்டத்துக்கான சிஎச்ஐ மாநாட்டில் வந்த ஓர் ஆய்வு, 1994 முதல் 2019 வரை அங்கேயும் அணுகல்தன்மைக்கான அசெட்ஸ் மாநாட்டிலும் வெளிவந்த 836 அணுகல்தன்மைக் கட்டுரைகளை எடுத்து அலசியது. கடைசிப் பத்தாண்டுக் கட்டுரைகளில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை பார்வைக் குறைபாடு பற்றியவை. அறிவுசார் குறைபாடு, கை கால் இயக்கக் குறைபாடு, முதியோர் எல்லாம் மீதியைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். கூட்டம் குறைந்த பக்கம் போனால் புதிதாகச் சொல்ல நிறைய இருக்கும். கைபிடித்து நடத்த ஆள் குறைவாக இருக்கும். பார்வைக் குறைபாட்டுப் பக்கம் நேர்மாறு. முதல் ஆய்வு என்றால் நான் கூட்டத்தின் பக்கம்தான் சாய்வேன். அங்கே தவறைச் சுட்டிக்காட்ட நாலு பேர் இருப்பார்கள்.

திருத்தம் ஏற்கப்படும்வரை

திறந்த மூல மென்பொருளை ஆய்வு வாய்ப்பாக யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு.

என்விடிஏ திரைவாசிப்பானை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் 2006-இல் எழுதத் தொடங்கியது. பிறகு நண்பர் ஒருவர் சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். விண்டோஸில் பணம் கொடுத்து வாங்க வேண்டியிருந்த ஒன்றை இலவசமாகக் கொடுத்தார்கள். இன்று உலகில் அதிகம் பயன்படும் திரைவாசிப்பான்களில் அது ஒன்று. பெரும்பகுதி பைத்தானில் இருப்பதால் இரண்டாமாண்டு மாணவர்கூடப் படித்துப் புரிந்துகொள்ளலாம். நீங்கள் அனுப்பும் திருத்தத்தைப் பார்த்து ‘இது வேண்டாம், எங்கள் பழக்கத்தைக் கெடுக்கும்’ என்று சொல்பவர், தினமும் அந்த மென்பொருளாலேயே வாழ்பவராக இருக்கக்கூடும். நாற்காலிக் கேள்வியைக் கேட்கவே வேண்டாம், அறையே அவர்களுடையது.

நிரலெழுதத் தயங்குகிறவர்களுக்கும் இடம் உண்டு. லிப்லூயி என்ற நிரல் நூலகம் எழுத்தைப் பிரெயிலாக மாற்றித் தருகிறது; லூயி பிரெயிலின் பெயரைத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மொழிக்கும் அதில் ஓர் அட்டவணைக் கோப்பு. சாதாரண உரைக்கோப்புதான். இந்த எழுத்து வந்தால் இந்தப் புள்ளிகள், இந்தச் சேர்க்கை வந்தால் இப்படி என்று வரிக்கு ஒரு விதி. தமிழுக்கும் அட்டவணை உண்டு. ஒரு கூட்டெழுத்தோ எண்ணுக்குப் பின் வரும் புள்ளியோ தவறாக மாறுகிறது என்று பிரெயில் வாசிக்கும் ஒருவர் காட்டினால், அந்த வரியைத் தேடித் திருத்தி, சோதனைக்கு ஓர் எடுத்துக்காட்டும் சேர்த்து அனுப்பலாம். ஒரு வரித் திருத்தம். ஆனால் லிப்லூயியை என்விடிஏயும் பயன்படுத்துவதால் அந்த ஒரு வரி எத்தனை விரல்களுக்கடியில் போகும் என்று எண்ணிப் பாருங்கள். ஈஸ்பீக் என்ஜி என்ற பேச்சுத் தொகுப்பானும் இதே வகை. உச்சரிப்பு விதிகள் உரைக்கோப்புகளில் இருக்கின்றன, தமிழும் இருக்கிறது.

பணம் வேண்டுமென்றால், திறந்த மூலத்தில் நிரலெழுத உதவித்தொகை தரும் கூகுள் சம்மர் ஆஃப் கோடு 2005 முதல் நடக்கிறது. ஒர்க்கா திரைவாசிப்பான் சார்ந்திருக்கும் குனோம் என்ற திறந்த மூலத் திட்டம் அதில் பலமுறை பங்கேற்றிருக்கிறது. அவுட்ரீச்சி திட்டம் மூன்று மாதத்துக்கு 7,000 டாலர் தருகிறது. தொழில்நுட்பத் துறையில் பாகுபாட்டையும் புறக்கணிப்பையும் சந்திப்பவர்களை மனத்தில் வைத்து நடத்தப்படுவது. இரண்டுமே வீட்டிலிருந்தே செய்யலாம் என்பது, பயணம் சிரமமானவர்களுக்குப் பெரிய வசதி.

குறை என்ன? இது ஆய்வு என்று தன்னைச் சொல்லிக்கொள்ளாது. கருதுகோள் கிடையாது, கட்டுரை கிடையாது, பரிந்துரைக் கடிதம் எழுதுகிறவர் பேராசிரியராக இருக்க மாட்டார். அனுப்பிய திருத்தத்தை வாரக்கணக்கில் யாரும் பார்க்காமல் இருக்கலாம். பராமரிப்பவர்கள் கைவிரலில் எண்ணக்கூடிய சிலர், அவர்களுக்கும் வேறு வேலை உண்டு. ஆனால் ஆறு மாதம் இதில் புழங்கியவர் ஆய்வுக் கேள்வியைத் தேடி அலைவதை நான் பார்த்ததில்லை. பிழைப் பட்டியலே கேள்விகளின் பட்டியல்தான்.

மேசையை விட்டு எழாமல்

வழிகாட்டியும் இல்லை, பங்கேற்பாளரும் இல்லை, மடிக்கணினி மட்டும் இருக்கிறது என்பவருக்கு இரண்டு பாதைகள். முதலாவது பொதுத் தரவுத்தொகுப்பு. விஸ்விஸ் அவற்றில் தலையாயது. 2010-இல் ஜெப்ரி பிக்ஹாமும் சகாக்களும் கொண்டுவந்த ஒரு கைபேசிச் செயலி. பார்வையற்றவர் படம் எடுத்து, கேள்வியைக் குரலில் கேட்டால், எங்கோ இருக்கும் ஒருவர் பதில் அனுப்புவார். அப்படி வந்த 31,000-க்கும் மேற்பட்ட கேள்விகள் 2018-இல் ஆய்வுக்கான தரவாக வெளிவந்தன. படங்கள் மங்கலாக இருக்கும், பாதி விரல் மறைத்திருக்கும், டப்பாவின் பெயர் படத்துக்கு வெளியே போயிருக்கும். கால் பங்குக்கும் மேல் ‘பதில் சொல்ல இயலாதது’ என்று குறிக்கப்பட்டவை. பளிச்சென்ற படங்களில் பயிற்சி பெற்ற, படமறியும் கணினி மாதிரிகள் இங்கே வந்து திணறுவதைப் பார்ப்பதே ஒரு பாடம். எங்கள் இறுதியாண்டுச் செயலிக்கு முன் இதைப் பார்த்திருந்தால், நாற்காலியை விட்டுவிட்டு மருந்து அட்டைக்குப் போயிருப்போம். இந்தத் தரவை வைத்துப் போட்டிகளும் நடக்கின்றன.

இரண்டாவது பாதை இணையத் தணிக்கை. தானியங்கிக் கருவியை ஓடவிட்டு, இத்தனை தளங்களில் இத்தனை பிழை என்று எழுதுவது. மாணவர்கள் விரும்பி எடுக்கும் தலைப்பு. நான் தயங்கும் தலைப்பும் இதுதான். வெப்எய்ம் அமைப்பு 2019 முதல் ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களை அலசிவருகிறது. முதல் ஆண்டில் 97.8 விழுக்காடு பக்கங்களில் பிழை இருந்தது, 2025-இல் 94.8. முதலிடம் எப்போதும் மங்கலான எழுத்து நிறத்துக்குத்தான். பத்து லட்சத்தை அவர்கள் எண்ணும்போது நீங்கள் ஐம்பது தளங்களை எண்ணி என்ன புதிதாகச் சொல்லப்போகிறீர்கள்? படத்துக்கு மாற்று உரை இருக்கிறதா என்று கருவி பார்க்கும். ‘படம்1’ என்று எழுதியிருந்தால் இருக்கிறது என்றே சொல்லும். அந்த இடைவெளியை ஆராய்ந்தால் சரக்கு உண்டு: கருவி ‘சரி’ என்று விட்ட படிவத்தை ஒருவர் திரைவாசிப்பானால் நிரப்ப எங்கே தடுக்கி விழுகிறார் என்று பார்ப்பது. ஆனால் அதற்கு மறுபடியும் ஒரு மனிதர் தேவை. மேசையை விட்டு எழுந்துதான் ஆக வேண்டும்.

நிறுவனப் பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெரிய நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவில் அணுகல்தன்மைக்கான இடங்கள் மிகக் குறைவு, அவையும் பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்களுக்கு. பணம் நன்றாக இருக்கும். கண்டுபிடித்ததை வெளியில் எழுத அனுமதி கிடைக்குமா என்பதைச் சேரும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். இளநிலை மாணவருக்கு இதை இலக்காக வைத்துக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

நீங்களே மாற்றுத்திறனாளி என்றால்

கணக்கு கொஞ்சம் மாறுகிறது.

டி.வி. ராமன் பார்வையற்றவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த முனைவர் ஆய்வு, கணிதச் சமன்பாடுகள் நிறைந்த தொழில்நுட்ப ஆவணங்களைக் கேட்டே புரிந்துகொள்ள வழிசெய்யும் ‘ஆஸ்டர்’ என்ற அமைப்பு. கணினித் துறையினரின் சங்கமான ஏசிஎம் தரும் சிறந்த முனைவர் ஆய்வேட்டு விருது 1994-க்கு அதற்குக் கிடைத்தது. தனக்குத் தேவையானதைச் செய்தார் என்று இதைச் சுருக்கிச் சொல்வார்கள். சமன்பாட்டைக் கண்ணால் மேய்வதைப் போலக் காதால் மேய முடியுமா என்ற கேள்வி, பார்க்கிறவர்களுக்குத் தோன்றவே தோன்றாத கணினி அறிவியல் கேள்வி. ஐபிஎம்மின் சியெகோ அசகாவா 1997-இல் கொண்டுவந்த ‘ஹோம் பேஜ் ரீடர்’ பற்றியும் இதையே சொல்லலாம். அவரும் பார்வையற்றவர்.

அமெரிக்காவில் படிப்பவர் என்றால் அக்சஸ்கம்ப்யூட்டிங்கைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 2006 முதல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து, கணினித் துறையில் படிக்கும் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு வழிகாட்டிகளையும் பயிற்சி இடங்களையும் தேடித் தந்துவந்த திட்டம். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் லாட்னரின் பெற்றோர் இருவரும் காதுகேளாதவர்கள்.

எங்கே சேர்வதானாலும் உதவித்தொகைக்கு முன் கேட்க வேண்டியவை வேறு. வாராந்திரக் கூட்டத்துக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் வருவாரா, அதற்கான பணம் எந்தக் கணக்கிலிருந்து? ஆய்வகம் பயன்படுத்தும் வரைகலைக் கருவி விசைப்பலகையால் இயங்குமா? படிக்கச் சொல்லும் பழைய கட்டுரைகள் திரைவாசிப்பானுக்கு வாசிக்கக் கிடைக்குமா, அல்லது வெறும் படங்களாக ஸ்கேன் செய்யப்பட்டவையா? அணுகல்தன்மை ஆய்வகமே இந்தக் கேள்விகளில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அது அவமானத்துக்குரியது என்றாலும் அபூர்வமானதில்லை.

இன்னொன்று. அறையில் நீங்கள் ஒருவர்தான் மாற்றுத்திறனாளி என்றால், எல்லோருடைய முன்மாதிரியும் உங்கள் மேசைக்கு வந்துவிடும். “ஒரே நிமிடம், இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்கிறீர்களா?” நாளுக்கு மூன்று பேர் கேட்டால், ஆய்வாளராகச் சேர்ந்தவர் சம்பளமில்லாச் சோதனையாளராகிவிடுவார். முதல் வாரமே இதற்கு எல்லை போட்டுவிடுவது நல்லது. அணுகல்தன்மையைத்தான் ஆராய வேண்டும் என்ற கட்டாயமும் உங்களுக்கு இல்லை. தரவுத்தளமோ குறியாக்கவியலோ பிடித்திருந்தால் தாராளமாக அங்கே போங்கள். யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது.

போட்டி எப்போது?

ஏசிஎம் மாணவர் ஆய்வுப் போட்டியைச் சிலர் தனி வாய்ப்பாகப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அது போய்ச் சேரும் இடம், புறப்படும் இடம் ஆகாது. அசெட்ஸ் மாநாட்டோடு சேர்ந்து நடக்கிறது. இளநிலைக்கும் முதுநிலைக்கும் தனித்தனிப் பிரிவு. முதல் மூன்று பரிசுகள் 500, 300, 200 டாலர். வென்றவர் பெரும் இறுதிச் சுற்றுக்குப் போகலாம். முழுக் கட்டுரைக்குப் போதாத, ஆனால் நேர்மையாக முடிந்த ஒரு சிறு ஆய்வுக்கு ஏற்ற மேடை. ஓராண்டு ஆய்வகத்திலோ திறந்த மூலத்திலோ இருந்தவர்களுக்குக் கொண்டுபோகச் சரக்கு இருக்கும். மாநாடு வழக்கமாக அக்டோபரையொட்டி வருவதால், கோடைத் திட்டம் முடிந்து எழுத உட்கார்ந்தால் அந்த ஆண்டைத் தவறவிட்டிருப்பீர்கள்.

ஆக, என் வரிசை இது. மாற்றுத்திறனாளி ஒருவர் வழிகாட்டும் இடத்தில் இருக்கும் ஓராண்டு ஆய்வு கிடைத்தால் யோசிக்காமல் அது. கிடைக்காவிட்டால் ஆறு மாதம் திறந்த மூலத்தில் புழங்கிவிட்டு, கையில் ஒரு கேள்வியோடு கோடைத் திட்டத்துக்கு. வெறும் கையோடு கோடைத் திட்டத்துக்குப் போவதானால், நெறிமுறை அனுமதி முன்பே கிடைத்துவிட்ட இடத்துக்கு மட்டும். தரவுத்தொகுப்பு இவற்றுக்கு நடுவே எப்போது வேண்டுமானாலும். கடிதத்துக்காகவே போகிறேன் என்பவர் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ளலாம். எனக்கு வருத்தமில்லை.

போன முறை இரண்டு அழைப்புகளோடு ஒரு மாணவி வந்திருந்தார். இரண்டு இடங்களுக்கும் மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னேன்: அனுமதி வந்துவிட்டதா, பங்கேற்பாளர்களை யார் எப்போது அழைப்பார்கள், ஆய்வுக் குழுவில் மாற்றுத்திறனாளிகள் யாராவது இருக்கிறார்களா. பெயருள்ள இடத்திலிருந்து, வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரே வரி. மற்ற இடத்திலிருந்து பதில் எழுதியவர் பார்வையற்ற முனைவர் பட்ட மாணவர். மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, கீழே ஒரு வேலையும் கொடுத்திருந்தார்: என்விடிஏயை நிறுவி, திரையை மறைத்துவிட்டு, இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதி அனுப்புங்கள், எங்கே சிக்கினீர்கள் என்பதை அடுத்த செவ்வாய்க்கிழமை பேசலாம். நான்கு வரிப் பதிலை எழுதி முடிக்க அந்த மாணவிக்கு நாற்பது நிமிடம் ஆனது. சிக்கிய இடங்களை மட்டும் எழுத, தனியாக இன்னொரு பக்கம் ஆனது.